பல்லைப் பிடுங்காமல் காத்த வரலாறு

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்று சொல்வது தமிழரின் நெடுநாளைய வழக்கம். தொழிலை முன்னிட்டுப் பிற மாநிலங்களில் வந்து தங்கியிருக்கும் நாம், அக்கம்பக்கத்தார் பேச்சைச் சற்றே செவிமடுத்தால், இந்தப் பூச்சி நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அறியலாம். இந்தி பேசுவோர் பல்லில் 'கீடா' விழுந்தது என்கின்றனர். வங்காளியர் 'போகா' என்கின்றனர். கன்னடத்தில் சொத்தைப் பல்லுக்கு 'ஹுளுகு ஹல்லு' என்று பெயர்; மலையாளத்தில் 'புழுப்பல்லு'. சொற்கள் வேறாயினும் கருத்து ஒன்றே. பல்லுக்குள் ஒரு புழு குடியிருந்து அதைக் குடைந்து தின்கிறது என்பது அது.

இக்கருத்து நம் நாட்டளவில் நின்றதுமன்று. பல்வலியை விளைவிக்கும் புழுவைப் பற்றிய மந்திரம் ஒன்று பாபிலோனியரின் களிமண் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சுசுருத சம்ஹிதை, கருத்துத் துளைவிழுந்து நோவு தரும் பல்லின் நோயைக் 'கிருமிதந்தகம்' என்று குறிக்கிறது. கிருமி என்னும் வடசொல்லுக்கு அக்காலத்தில் புழு என்பதே பொருள். இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது மீண்டும் வரும்.

புழுதான் காரணம் என்றால் அதை வெளியேற்றுவதுதானே சிகிச்சை? நம் ஊர்ப்புறங்களில் கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடிப்பார்கள். ஐரோப்பாவிலோ ஹென்பேன் என்னும் செடியின் விதையை எரித்துப் புகை பிடித்தார்கள். இரண்டும் கத்தரிக் குடும்பத்துச் செடிகளே என்பது வியப்புக்குரியது. அங்கே சூட்டில் வெடித்த விதையிலிருந்து பிதுங்கி விழுந்த வெண்ணிற முளையைக் காட்டி, இதோ உன் பல்லிலிருந்து விழுந்த புழு என்று நோயாளியை நம்பச் செய்தனர். புகைக்கும் மந்திரத்துக்கும் அடங்காத பல்லுக்கு எஞ்சியது ஒரே வழி: குறடு. பல்லைப் பிடுங்குவதா, வைத்துக் காப்பதா என்னும் வழக்கில் ஒவ்வொரு காலத்தாரும் கூறிய தீர்ப்பு, நோயின் காரணம் எது என்று அவர்கள் எண்ணினார்களோ அதைப் பொறுத்தே அமைந்தது. வேர்ச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பலருக்கு உண்டாகும் அச்சமும் அந்த நெடிய வழக்கில் பிறந்ததே.

பல்லைத் துளையிடும் கலை மட்டும் மிகப் பழையது. இன்று பாகிஸ்தானிலுள்ள பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னும் இடத்துப் புதைகாட்டில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒன்பது பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் கருவி கொண்டு இட்ட துளைகள் காணப்பட்டன. இச்செய்தி 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மணி கோக்கத் துளையிடும் தொழிலில் வல்லவர்கள் அவ்வூரார். அதே தீக்கல் முனையைப் பல்லின்மீதும் செலுத்தியிருக்க வேண்டும். ஆயினும் அவர்கள் துளைத்தது பல்லின் தலையை மட்டுமே. வேரின் உட்புறம் எட்டாத இடமாகவே பன்னெடுங்காலம் இருந்தது.

பல்லின் அமைப்பை ஈண்டு சிறிது நோக்குவது நலம். மேலே எனாமல் என்னும் பூச்சு; மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அதனடியில் தந்தம் போன்ற ஒரு சுவர். நடுவே ஒரு சிற்றறை. அவ்வறையினின்று ஒவ்வொரு வேரின் வழியாகவும் மயிரிழை போன்ற கால்வாய் கீழிறங்கி எலும்பில் திறக்கிறது. அறையிலும் கால்வாயிலும் இரத்தக் குழாய்களும் நரம்பும் கலந்த மென்மையான தசை நிறைந்திருக்கிறது. மருத்துவ நூலார் இதைப் பற்கூழ் என்பர். மக்கள் வழக்கில் இது வெறும் 'நரம்பு'. உடலின் பிற இடங்களில் புண் வந்தால் அவ்விடம் வீங்க இடமுண்டு. பற்கூழுக்கோ நாற்புறமும் கல் போன்ற சுவர். அது வீங்க முயன்று இடமின்றி நெருக்குண்ணும்போதுதான் இரவெல்லாம் விண்விண் என்று தெறிக்கிறது. சில நாளில் கூழ் செத்துவிட்டால் வலி தானே அடங்கிவிடும். நோய் தீர்ந்தது என்று நாம் மகிழும் அந்த வேளையில், அழுகல் கால்வாய் வழியே இறங்கி எலும்பில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும்.

புழுவின் ஆட்சிக்கு முதல் அடி கொடுத்தவர் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார். 1728-இல் அவர் வெளியிட்ட இரு தொகுதி நூலே பல் மருத்துவத்தைத் தனிக் கலையாக நிலைநாட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கியும் பல்லில் புழு ஒன்றையும் தாம் காணவில்லை என்று துணிந்து எழுதினார். பல்லின் உள்ளறையைத் திறந்து, சீழை வடித்து, கிராம்பு எண்ணெயோ இலவங்கப்பட்டை எண்ணெயோ தோய்த்த பஞ்சை வைக்கும் முறையையும் கூறினார். அவர் கூறிய சில வாய்கொப்பளிப்பு முறைகள் இக்காலத்தார் முகஞ்சுளிக்கத் தக்கவை, அவற்றை விட்டுவிடுவோம். ஆனால் கிராம்பு எண்ணெய் மட்டும் முந்நூறு ஆண்டுகளாகப் பல் மருத்துவரின் அறையை விட்டு அகலவில்லை. தற்காலிக அடைப்புக்கு இன்றும் பயன்படும் பசையில் அதன் சாரமே கலந்திருக்கிறது. உள்ளே நுழைந்தவுடன் நம் மூக்கிற்கு எட்டும் வாசனை அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை அமெரிக்கர் கைக்குச் சென்றது. எட்வர்ட் மேனார்டு என்பவர் 1838-இல் கைக்கடிகாரத்தின் சுருள்வில்லை அராவி, பல்லின் கால்வாய்க்குள் செல்லக்கூடிய மெல்லிய கருவியாக்கினார். இவரே பிற்காலத்தில் துப்பாக்கி செய்வதிலும் பேர்போனவர் என்பது வேடிக்கை. ஆயினும் உயிருள்ள நரம்பின்மீது எஃகு இழையைச் செலுத்தினால் எந்த மனிதன் பொறுப்பான்? ஆதலால் 1836-இல் ஷியர்ஜஷப் ஸ்பூனர் என்பவர் காட்டிய வழியில், ஆர்சனிக் நஞ்சைப் பல்லுக்குள் வைத்து முதலில் நரம்பைக் கொன்றுவிட்டு, பின்னர் அதை வெளியே எடுத்தனர். நஞ்சு நரம்போடு நிற்குமா? கசிந்தால் ஈறும் எலும்பும் வெந்துபோயின. வேர்ச் சிகிச்சையைப் பற்றிய அச்சத்தில் ஒரு பங்கு இந்த ஆர்சனிக்கின் கணக்கில் எழுதத் தக்கது.

வலியை வென்றதிலும் பல் மருத்துவர்களுக்கே முதலிடம். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைப் பயன்படுத்தினார். 1846 அக்டோபர் 16-ஆம் நாள் வில்லியம் மார்ட்டன் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதரைப் பலரறியக் காட்டினார். இருவரும் பல் மருத்துவர்களே. ஆனால் ஆளையே மயக்கிவிடுவது வேர்ச் சிகிச்சைக்குப் பொருந்தாது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து வேண்டியிருந்தது. 1884-இல் கொக்கெய்ன் அவ்வழியைத் திறந்தது. அதன் தீமை விரைவில் வெளிப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவக்கெய்ன் வந்தது. 1943-இல் ஸ்வீடன் நாட்டு நில்ஸ் லொஃப்கிரென் லிக்னோகெய்னை உருவாக்கினார். 1948 முதல் விற்பனைக்கு வந்த அம்மருந்துதான் இன்றும் நம் ஈற்றில் பெரும்பாலும் ஏற்றப்படுகிறது.

காலியான கால்வாயை எதைக் கொண்டு அடைப்பது என்பது அடுத்த கேள்வி. பொன், மரம், ஈயம் எனப் பலவும் முயன்று, இறுதியில் விடை மலேயாக் காடுகளிலிருந்து வந்தது. குட்டாபெர்ச்சா என்பது அங்குள்ள ஒரு மரத்தின் பால். பெயரும் மலாய்ச் சொல்லே. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், நீரில் கெடாது, உடலும் அதை வெறுக்காது. வில்லியம் மாண்ட்கோமரி என்னும் சிங்கப்பூர் மருத்துவர் 1843-இல் இதை ஐரோப்பியர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதைச் சுற்றினர். 1870-இல் பம்பாயைச் சூயஸுடன் இணைத்த தந்திக் கம்பியின் உறையும் இதுவே. அதே பொருள் 1860-களிலேயே பல்லின் கால்வாய்க்குள்ளும் புகுந்துவிட்டது. தந்திக் கம்பிக்கு வேறு உறைகள் வந்துவிட்டன. பல்லில் குட்டாபெர்ச்சாவை இடம்பெயர்க்க ஒன்றும் முழுமையாக வரவில்லை. நம்மில் வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட பெரும்பாலோர் வாயில் இந்த மலேயா மரத்துப் பால் உறைந்து கிடக்கிறது.

இனி நாம் நினைவில் வைக்கச் சொன்ன சொல்லுக்கு வருவோம். அமெரிக்கரான வில்லோபி மில்லர் பெர்லினில் ஆராய்ந்து 1890-இல் வெளியிட்ட நூல், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன என்றும், அந்த அமிலமே பல்லை அரிக்கிறது என்றும் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, புழுவைக் குறித்த அதே 'கிருமி' என்னும் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டோம். ஃபோஷார் விரட்டிய கிருமி வேறு உருவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அச்செய்தி பரவிய சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடம் அசையாது இருக்க நேர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ், கால்வாய்க்குள் கம்பியை வைத்துப் படமெடுத்து அதன் நீளத்தை அளக்கும் முறையைக் கண்டார். அது வரையில் மருத்துவர் கைத்தடவலில் நடந்தனர். அதன் பின்னரே கண்ணால் கண்டு நடந்தனர். அக்கதிரின் தீமையை அன்று எவரும் அறியார். படத் தகட்டை ஆண்டுக்கணக்கில் தம் கையால் பிடித்திருந்த கெல்ஸுக்குப் புற்று கண்டது. விரல்களை இழந்தார், பின்னர் கையையும் இழந்தார். 1928-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இன்று ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுக்கப்படும் சிறு படத்தின் பின்னே இந்த மனிதரும் நிற்கிறார்.

இவ்வாறு வலி நீக்கும் மருந்தும், கருவியும், அடைப்புப் பொருளும், படமும் ஒன்றுசேர்ந்த வேளையில்தான் பெருங்கேடு வந்தது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்னும் லண்டன் மருத்துவர் கனடாவிலுள்ள மாண்ட்ரீலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அழுகிய வேர்களின்மேல் பொன் தொப்பிகளையும் பாலங்களையும் கட்டிவிடும் பல் மருத்துவரே உடலின் பல நோய்களுக்கும் காரணர் என்று கண்டித்தார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. படமெடுக்காமல், தூய்மை பேணாமல் செய்யப்பட்ட வேலை அன்று ஏராளம். ஆனால் அச்சொல் கைமாறக் கைமாற, செத்த பல் எதுவாயினும் நஞ்சூற்று என்னும் கொள்கையாக வளர்ந்தது. மூட்டுவலிக்கும் இதய நோய்க்கும் பல்லைப் பிடுங்கினர். நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், பித்துக்கும் காரணம் பல்லே என்று கருதி நோயாளிகளின் பற்களை அகற்றினார். பித்துத் தெளியாதபோது உள்ளுறுப்புகளிலும் கைவைத்தார், பலர் மாண்டனர். காக்கக்கூடிய நல்ல பற்கள் எத்தனை இவ்வகையில் குப்பைக்குப் போயினவோ! சான்றின்றி ஆணையிட்ட ஒரு கருத்து, புழு மந்திரத்தினும் மிகுந்த தீங்கு செய்தது என்பது நம் எண்ணம். மந்திரம் பல்லையாவது விட்டுவைத்தது.

1930-களில் நோயாளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், பல்லைப் பிடுங்கியும் மூட்டுவலி தீரவில்லை என்பதைக் கண்டனர். கொள்கை மெல்லத் தளர்ந்தது. பற்கூழ் சாவதற்குக் காரணம் எது என்னும் கேள்விக்கு விடை 1965-இல் வந்தது. காக்கேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மூவர் இருவகை எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழை வெளிப்படுத்தினர். ஒருவகை சாதாரண எலிகள். மற்றொருவகை, பிறந்தது முதல் நுண்ணுயிரே அணுகாமல் வளர்க்கப்பட்டவை. சாதாரண எலிகளின் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. மற்றவற்றின் துளையில் உணவு அடைந்து கிடந்தும் கூழ் சாகவில்லை. துளையின் வாயை மூடப் புதிய சுவரே எழும்பியது. ஆகவே, கால்வாயைக் கிருமியின்றித் துடைத்து, மீண்டும் கிருமி புகாதபடி அடைத்துவிட்டால், பல்லை வைத்துக்கொள்வதில் தீங்கில்லை என்பது உறுதிப்பட்டது. வேர்ச் சிகிச்சையின் சாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

நம் நாட்டிலோ பல் மருத்துவத்தை முறையாகக் கற்பிக்க 1920 வரை ஒரு கல்லூரி இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் படித்துத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது அவ்வாண்டில் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அதற்குப் பணம் தேட அவர் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் குளிர்பானக் கடையை நடத்தினார் என்பது பலரும் அறியாத செய்தி. பல்லைக் கெடுக்கும் இனிப்பு நீரை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்தார் என்று கல்கத்தாவாசிகள் வேண்டுமானால் நகையாடலாம்! 1948-இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. 1953-இல் சென்னையிலும் பல் மருத்துவப் படிப்புத் தொடங்கியது.

இன்று நாம் அந்த நாற்காலியில் அமர்ந்தால் நடப்பது என்ன? முதலில் மருத்துவர் வினவுவார்: குளிர்ந்த நீர் பட்ட வலி, நீர் அகன்றவுடன் நிற்கிறதா, நெடுநேரம் நீடிக்கிறதா? உடனே நின்றால் பற்கூழ் பிழைக்கக்கூடும். சிறு அடைப்பே போதுமாயிருக்கலாம். நீடித்தாலும், தூக்கத்தில் தானே எழுந்தாலும் வேர்ச் சிகிச்சைக்கு வேளை வந்தது என்று பொருள். அயல்மொழியில் இதைச் சொல்வது எளிதன்று. 'பல் கூச்சம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், பல் வெட்கப்படுகிறது என்று மருத்துவர் திகைப்பார்! வடக்கே 'டண்டா கரம் லக்தா ஹை' என்றால் கூச்சம் விளங்கும். விண்விண் என்ற தெறிப்புக்கு 'டீஸ்' என்பது ஏற்ற சொல். நீரிழிவு, இதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, கருவுற்ற நிலை ஆகியவற்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

பின்னர் ஊசி. கீழ்க் கடைவாய்ப் பல் கடுமையாக நொந்திருக்கும்போது ஒரு ஊசி போதாமல் போவதுண்டு. வலித்தால் கையை உயர்த்தலாம், இன்னொன்று போடுவார்கள். பொறுத்துக்கொள்வது வீரமன்று. அடுத்து, பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் திரையை மாட்டுவார்கள். 1864-இல் சான்ஃபோர்டு பார்னம் கண்ட முறை இது. எச்சில் பல்லுக்குள் போகாது, கருவி தொண்டைக்குள் விழாது. உதட்டில் ஒரு கொக்கி தொங்கும். மின்னளவால் வேரின் நுனியைக் காட்டும் கருவி அது. 1962-இல் ஜப்பானியரான சுனாடா அதற்கு அடிகோலினார். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பிடி நிறம் மாறும் அரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிறம் பருமனைக் குறிக்கும். வளைந்த கால்வாயில் வளைந்தே செல்லும் நிக்கல்-டைட்டானியம் அரங்களுக்கு வழிகாட்டியது 1988-இல் வாலியா முதலியோர் வெளியிட்ட ஆய்வு. இடையிடையே சலவைத்தூள் வாசனை வீசினால் அஞ்ச வேண்டாம். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவிய ஹைப்போகுளோரைட்டு நீரே அது.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில் மூன்று வேரும், பலபோது நான்கு கால்வாயும் இருக்கும். ஒன்று தவறினாலும் நோய் மீளும். ஆகவே ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரம் ஆவதும், இரண்டு மூன்று முறை வரச் சொல்வதும் ஏமாற்றன்று. முடிந்தபின் இரண்டொரு நாள் கடித்தால் நோகும். மரப்பு நீங்கும் வரை சூடான தேநீர் கூடாது. கன்னத்தைக் கடித்துக்கொள்ளவும் நேரும். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை வேண்டும். உறை போடாது விட்ட பல் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கையில் பிளந்துவிடும். வேர் வரை நெடுக்கில் பிளந்த பல்லையும், உறை மாட்டவும் தலை எஞ்சாத பல்லையும் பிடுங்குவதே முறை. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பது மட்டும் வெறும் பேச்சு.

நம்மைப் போல் ஊரைவிட்டு வந்தவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வலி வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது. செத்த கால்வாயில் இரத்த ஓட்டம் இல்லை. விழுங்கிய மருந்து அங்கே எட்டுவதில்லை. பத்து நாள் விடுமுறையில் திருமணமும் திருவிழாவும் போக மிஞ்சும் ஒரு நாளில் பல்லைப் பிடுங்கத்தான் நேரமிருக்கும், காக்க நேரமிராது. இருக்கும் ஊரிலேயே தொடங்கி, அங்கேயே முடித்துக்கொள்வது மேல். கன்னம் வீங்கிக் காய்ச்சலும், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமையும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது இரவானாலும் சரியே.

சிகிச்சை முடிந்ததும், எந்தப் பல், எத்தனை கால்வாய், எந்த நாள் என்னும் குறிப்பையும் கடைசியாக எடுத்த படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாக்பூரில் அடைத்த பல்லை, இடமாற்றம் வந்தபின் குவாஹாட்டியில் வேறொரு மருத்துவர் பார்க்க நேரும்போது, அவர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.